மோட்டாரை ஓடவிட்டு வீட்டைப் பூட்டலாமா

1

எங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. தண்டையார்பேட்டையில் இதைப் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். அமுலு பணக்காரி ஆகிவிட்டாள் என்று என் அண்ணி ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். விஷயம் அப்படி இல்லை. பெர்த் நகரத்தைத் தாண்டி, தள்ளி இருக்கும் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் குளம் இருப்பது, நம் பக்கத்து வீடுகளில் அடிபம்பு இருப்பது போலத்தான். நாங்கள் வாங்கும்போதே அது இருந்தது. மண் போட்டு மூட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தோம். பதிலைக் கேட்டதும் குளம் அழகாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சித்திரையோடு நான் இங்கே வந்து பத்து வருடம். வருடப் பிறப்பன்று பாயசம் வைத்தேன். சாப்பிட வீட்டில் யாரும் இல்லை. என் கணவர் ரவிக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அந்த ஒரு வாரத்திலும் பாதியைத் தூங்கியே தீர்ப்பார். மகள் நிவிக்குப் பதினைந்து வயது. பள்ளி முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் திறக்கும். பாயசத்தைப் பார்த்து, ஏம்மா இவ்வளவு இனிப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனாள். மிச்சத்தை நானே இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

எனக்கு ஒரு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவிச் சுத்தமாக்கிப் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. முகமூடி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஆவி அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நிற்கிறேன். பேச்சுக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். பேச ஆள் இல்லாமல் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரில் இருந்தபோது நம்பியிருக்க மாட்டேன்.

2

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மூன்று குடித்தனத்துக்கு ஒரு மோட்டார். தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் விடக்கூடாது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் தெருமுனையில் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் குழாயில் காற்று சீறுவது எங்களுக்குக் கேட்டுவிடும். உடனே மோட்டார் போட வேண்டும். போட்டவர்கள் அதைவிட்டு நகரக் கூடாது. தண்ணீர் நின்றது தெரியாமல் மோட்டார் சும்மா சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதுதான் காயில், எரிந்துவிடும். தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்துக் குடித்தனத்துக்காரி வழிகிற தண்ணீரைவிட வேகமாகப் பேசுவாள்.

எங்கள் வீட்டில் மோட்டாருக்குக் காவல் நான்தான். பொதுத்தேர்வுக்குப் படித்ததே மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்துதான். ஒரு கை புத்தகத்தில், ஒரு கை குழாயின் மேல். குழாய் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஏறுகிறது. வெதுவெதுப்பானால் எழுந்து ஓடிப்போய் நிறுத்த வேண்டும். அண்ணன் கஜா அப்போதே காயில் கட்டும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். இப்போது அதே பேட்டையில் சொந்தக் கடை. தெருவில் பாதி மோட்டார் அவன் கை பட்டதுதான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் ஓடுகிற வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போவது என்பது என்னைப் பொறுத்தவரை அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு ஊருக்குப் போவது போல. இங்கே வந்தும் அந்தப் புத்தி மாறவில்லை. குளத்து மோட்டாரை வேலையிலிருந்து வந்ததும் போடுவேன், சமையல் முடிந்ததும் நிறுத்துவேன். குளமும் ஒன்றும் சொன்னதில்லை.

3

கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கரையில் கருங்கல் கொட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கல்மேல் உட்கார்ந்து, எண்ணூர் புகையையும் தூரத்தில் நிற்கும் கப்பலையும் பார்த்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு வீட்டுக்கு வருவோம். பெண் பிள்ளைகள் கடலில் கால் நனைத்தாலே அதிகம். அதைச் சொன்னால் இவர்களுக்குப் புரியாது. சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன கோடையில் ஒரு நாள் குளத்தில் மிதந்த இலைகளை அள்ளும்போது கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீர்தான். அதற்கே நான் போட்ட சத்தத்தில் நிவி அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். என்னைத் தூக்கி நிறுத்தி, சிரித்து முடித்து, பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து உனக்குச் சொல்லித்தருகிறேன் என்றாள். வீட்டில் குளத்தை வைத்துக்கொண்டு அம்மா மூழ்கிப்போனால் பள்ளியில் அவள் தலைகாட்ட முடியாதாம்.

அப்படி ஆரம்பித்தது. நான் வேலையிலிருந்து வந்ததும், அவள் பள்ளியிலிருந்து வந்ததும், அரை மணி நேரம் தண்ணீரில். முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுத்தாள். பயம் வந்தால் எனக்கு ஆங்கிலம் காதில் ஏறாது. ரிலாக்ஸ் என்று அவள் சொல்லச் சொல்ல நான் அவள் கழுத்தை நெரித்தேன். வேறு வழியில்லாமல் தமிழுக்கு வந்தாள். போனில் அவள் மாமா பேசிக் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ்தான் அவளுக்குத் தெரியும். "தலைய வுடும்மா. இடுப்ப தூக்கு. பேஜார் பண்ணாத" என்று அவள் சொல்லும்போது கண்ணை மூடினால் தண்டையார்பேட்டையில் இருப்பது போலவே இருக்கும். கால் அசைத்து ஓய்ந்த நேரத்தில் பள்ளிக் கதை கொஞ்சம் சொல்வாள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வாத்தியார் கிறுக்கு என்றெல்லாம். அறைக்குள் அவளிடம் கெஞ்சினாலும் கிடைக்காத கதைகள் அவை.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மாசி மாதமே எனக்கு மிதக்க வந்துவிட்டது. ஒரு நாள் அவள் வருவதற்கு முன்னால் இறங்கிப் பார்த்தேன், அழகாக மிதந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் வந்ததும் எப்போதும் போலக் காலைத் தொங்கவிட்டேன், அவளும் வந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். கற்றுக்கொண்டுவிட்டேன் என்று தெரிந்தால் அந்த அரை மணி நேரம் போய்விடும். அது போனால் என்னிடம் என்ன இருக்கிறது?

4

நம் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிக்கும்போது இங்கே குளிர் இறங்க ஆரம்பிக்கும். பங்குனியில் ஒரு நாள் நிவி தண்ணீரில் காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். ரொம்பக் குளிருதும்மா, இன்னும் கொஞ்ச நாள்தான் என்றாள்.

வீட்டுக் கூரைமேல் கருப்புப் பாய் விரித்தாற்போல ரப்பர்க் குழாய்கள் இருந்தன. வெயிலில் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஏற்பாடு. பழைய வீட்டுக்காரர் போட்டது. அதற்கென்று சுவரில் ஒரு சின்னப் பெட்டி. கூரையில் ஒரு சென்சார், தண்ணீர்க் குழாயில் ஒரு சென்சார். தண்ணீரைவிடக் கூரை நல்ல சூடாக இருந்தால், பெட்டி ஒரு வால்வைத் திருப்பித் தண்ணீரை மேலே அனுப்பும். போதுமான சூடு ஏறியதும் நிறுத்தும். வெயில் காலத்தில் தேவைப்படாததால் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. இனி அதை ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்த நேரம் பார்த்துப் பழைய மோட்டார் படுத்துவிட்டது. பம்பு வேலை செய்யும் டோனி வந்தார். இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை, வயது ஐம்பதுக்கு மேல். நான் பதற்றத்தில், தினமும் சாயங்காலம் மோட்டார் போடுவேன் என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிச் சொன்னேன். தினமும் எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று அவர் அக்கறையாகக் கேட்டார். புதிதாக வந்திருக்கும் வேகம் மாற்றும் பம்பை வைக்கச் சொன்னார். மெதுவாக நாள் முழுக்க ஓடும், கரண்டு கொஞ்சமாகத்தான் இழுக்கும், வேண்டும்போது வேகம் எடுக்கும் என்றார். நாள் முழுக்க என்பதைக் காதில் வாங்கிய ஞாபகம் இருக்கிறது. மனதில் வாங்கவில்லை.

பம்பு வந்தது. தண்ணீர் சூடாகவில்லை. மெதுவான வேகத்தில் ஓடும் பம்புக்குக் கூரை வரை தண்ணீரைத் தள்ளச் சக்தி போதாது. பெட்டி வால்வைத் திறக்கிறது, தண்ணீர் பாதிச் சுவர் ஏறி நின்றுவிடுகிறது. குளத்தில் காற்றுக் குமிழ்தான் வருகிறது. பம்பு ஒரு கம்பெனி, பெட்டி இன்னொரு கம்பெனி. கூரை சூடாகிவிட்டது, வேகம் எடு என்று பெட்டி பம்புக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இரண்டுக்கும் நடுவே ஒயர் இல்லை. டோனி இரண்டாம் முறை வந்து மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்து இரண்டையும் சேர்த்தார். மேலே அனுப்பும்போது ஒரு வேகம், மற்ற நேரத்துக்கு ஒரு வேகம் என்று பதிந்துவைத்தார். என் கண்ணெதிரே வால்வு திரும்பியது, பம்பு உறுமியது, கூரைக்குப் போய் இறங்கிய தண்ணீர் வெதுவெதுப்பாகக் கொட்டியது. ஒரு வாரம் பொறுங்கள், குளம் முழுக்கச் சூடாகிவிடும் என்றார்.

அன்று ராத்திரியே போன் கார்டைச் சுரண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். இங்க வெயில்ல தாரு உருகுது, நீ தண்ணி சுட வெக்கிறியா என்று முதலில் சிரித்தான். பிறகு நாள் முழுக்க ஓடும் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது.

"அமுலு, நான் சொல்றத கேளு. மோட்டார ஓட வுட்டு வூட்ட பூட்டிக்கினு போவாத. நடுவுல காத்து பூந்துச்சுன்னா காயில் கருகிப் பூடும். அந்த தொர ஆயிரம் சொல்லுவான். நீ வூட்ல கீறப்ப போடு, போறப்ப அமத்திட்டு போ."

அவன் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். சொன்னது தெம்பாக இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து போட்டேன். அப்போது வெயில் கூரையை விட்டு இறங்கிப் பக்கத்து வீட்டு மரத்தில் ஏறியிருந்தது.

5

ஒரு வாரம் ஆயிற்று, தண்ணீர் சில்லிட்டே கிடந்தது. நிவி பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அரை மணி நேரம் கால் மணி நேரமாயிற்று. பள்ளிக் கதைகள் நின்றன, கட்டளைகள் மட்டும் மிஞ்சின. நான் டோனிக்குப் போன் மேல் போன் செய்தேன். அவர் சனிக்கிழமைகளில் வந்தார். அவர் வருகிறார் என்று சுவிட்சைப் போட்டு வைத்திருப்பேன். அவர் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக ஓடும். சென்சாரை மாற்றினார். ஒயரைப் பிரித்து மறுபடி முறுக்கினார். தலையைச் சொறிந்தார்.

இதற்கு நடுவில் உள்ளூர் நகராட்சியான கவுன்சிலிலிருந்து குளத்து வேலியைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். வேலிக்குப் பக்கத்தில் கருவேப்பிலைத் தொட்டி இருக்கிறதாம், அதன்மேல் ஏறிக் குழந்தை உள்ளே குதித்துவிடுமாம். எந்தக் குழந்தை என்று கேட்டேன். எந்தக் குழந்தையும் என்றார். அந்தத் தொட்டி ஓர் ஈழத்தமிழ் அம்மா கொடுத்தது, வெயில் படுகிற ஒரே மூலையில் வைத்திருந்தேன். அதை நிழலுக்கு இழுத்துப்போட்டேன். அதற்கும் எனக்கும் ஒன்றாகவே குளிர் பிடித்தது.

கடைசியில் டோனி, வார நாளில் மதியம் தனியாக வந்து பார்க்கிறேன், பக்கவாட்டுக் கதவைப் பூட்டாமல் போங்கள் என்றார். சரி என்றேன். மறுநாள் மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து போன். குரலை இறக்கிக்கொண்டு பேசினார். உங்கள் வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள், பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டிருக்கிறார்கள், வேறு எதுவும் களவு போயிருக்கிறதா பாருங்கள், போலீசுக்குச் சொல்லட்டுமா என்றார்.

போலீசெல்லாம் வேண்டாம், அந்த யாரோ நான்தான் என்றேன். ஏன் என்றார். காயில் எரிந்துவிடும் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் நின்றால் பம்பே தெரிந்துகொண்டு தன்னை நிறுத்திக்கொள்ளுமாம். வெயில் இருக்கும்போது ஓடாவிட்டால் அந்தப் பெட்டி யாரிடம் போய்ப் பேசும் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

அடுத்த நாள் மோட்டாரை ஓடவிட்டு வீட்டைப் பூட்டினேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, வேலியோரம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மறுபடி போனேன். அன்று முழுக்கக் கத்திரிக்கோல்களை எண்ணித் தட்டில் வைக்கும்போதெல்லாம் கருகல் வாசம் அடிப்பது போலவே இருந்தது. சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால் எதுவும் எரியவில்லை. தண்ணீரில் கையை விட்டேன். நேற்றைவிடக் கொஞ்சம் தேவலை. அன்றைக்கு என் சந்தோஷத்தைக் கேட்க அண்ணன்தான் கிடைத்தான். நான் இல்லாதபோதும் மோட்டார் ஓடியது என்றேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"அப்ப நம்ம பேச்சு அங்க வேலைக்காவாது போல கீது" என்றான்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். அதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

6

அந்த வாரம் முழுக்க வெயில் காய்ந்தது. நாளுக்கு நாள் தண்ணீர் சூடேறியது. வெள்ளிக்கிழமை இறங்கியபோது மாசி மாதம் திரும்பி வந்தது போல இருந்தது. நிவி பள்ளிப் பையை வைத்ததும் வாசலிலேயே துண்டை நீட்டினேன். வா, தண்ணியத் தொட்டுப் பாரு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தொட்டுப் பார்த்தாள். ஆமா, சூடா இருக்கு என்றாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை.

இரண்டு பேரும் இறங்கினோம். மல்லாந்து படுத்தேன். எப்போதும் போலக் கொஞ்ச நேரம் கழித்துக் காலைக் கீழே விட்டேன். அவள் வந்து பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் நானே எழுந்து நின்றேன்.

"அம்மா, உனக்கு மிதக்க வரும். ரொம்ப நாளா தெரியும் எனக்கு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மிதக்க வராதவங்க பயத்துல முதல்ல தலைய தூக்குவாங்க, நீ கால மட்டும் வுடற என்றாள். திருடி அகப்பட்டுக்கொண்டவள் போல நின்றேன்.

"தெரிஞ்சும் ஏன்டி வந்த?"

"நீ டவல வெச்சுக்கினு வாசல்லயே நிக்கிற. வரலன்னு எப்டி சொல்றது?"

பிறகு தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே சொன்னாள். கடைத்தெருவில் இருக்கும் பேக்கரியில் சாயங்கால வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். அவள் தோழிகள் இருவரும் அங்கேதான் போகிறார்கள். குளிர் வந்ததும் வருகிறேன் என்று இவள் சொல்லி வைத்திருந்தாள். இனி பேக்கரியில் காத்திருக்க மாட்டார்களாம். திங்கட்கிழமையிலிருந்து போக வேண்டும். வாரத்தில் நாலு நாள்.

"குளிர் வந்தா இது தானா நின்னுடும்னு இருந்தேம்மா. நான் சொல்லவே வேண்டியிருக்காதுன்னு. நீ பம்ப சரி பண்ணிட்ட."

இந்தக் குளிரை நான் விரட்டி விரட்டி அடித்தேன், என் மனம் நோகக்கூடாது என்று அவள் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்தது. முகத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்ததால் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்தும் இருக்கலாம், அவளுக்கு எல்லாம் தெரிகிறது. நல்ல விஷயம்தானே, போய்ட்டு வா என்றேன். பேக்கரிக்காரன் மிச்சமான பன்னைக் கொடுத்தால் எடுத்து வா என்றும் சொன்னேன். சிரித்தாள்.

அவள் உடனே ஏறிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கூரையில் வெயில் குறைந்துகொண்டு வந்தது.

"இன்னிக்கு இருக்கேன்மா. படு. கைய வெக்கவா, வோணாமா?"

எனக்கு மிதக்க வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். வை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவள் வைத்தாள்.